மருந்தோடு கொடுக்கிற தாளை நோயாளி தேடிப் படிக்கும்படி எழுதுவது எப்படி?

மருந்துப் பெட்டிக்குள் பத்தாக மடித்துச் செருகியிருக்கும் அந்த மெல்லிய தாளை ஒருமுறையாவது விரித்துப் பார்த்திருப்பீர்கள். விரித்த பிறகு அதைப் படிக்கவும் முடியாது, பழையபடி மடிக்கவும் முடியாது. எறும்பு ஊர்வது போல எழுத்து, பாதி இடத்தில் வேதியியல், மீதி இடத்தில் "சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எச்சரிக்கையுடன் பயன்படுத்தவும்" மாதிரி வாசகங்கள். எச்சரிக்கையுடன் என்றால் என்ன செய்ய வேண்டும், பார்த்துப் பார்த்து விழுங்க வேண்டுமா? நிறையப் பேர் அதை அப்படியே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல முடியாது.

நீங்கள் மருத்துவரோ செவிலியரோ மருந்தாளரோ, மருந்துச் சீட்டோடு கொடுக்க உங்கள் நோயாளிகளுக்கென்று சொந்தமாக ஒரு தாள் எழுத நினைத்தால், அதற்குத்தான் இது.

எழுத உட்காரும் முன், அந்தத் தாள் எப்போது கையில் எடுக்கப்படும் என்று யோசியுங்கள். மருந்து வாங்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், "சரி சரி, புரிஞ்சுது" என்பார்கள். சந்தேகம் வருவது வீட்டில், ராத்திரி பதினொரு மணிக்கு: காலையில் போட வேண்டியதை மறந்துவிட்டேனே, இப்போது போடலாமா? சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறதே, ஆபத்தா? அப்போதுதான் தாளைத் தேடி எடுக்கிறார். அவர் அதை முதலிலிருந்து கடைசி வரை படிக்கப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியோடு, கொஞ்சம் பயத்தோடு, அதற்கான பதில் எங்கே என்று கண்ணை ஓட்டுகிறார். அரை நிமிடத்தில் கிடைக்காவிட்டால் தாளை வைத்துவிட்டுத் தனக்குத் தோன்றியதைச் செய்துவிடுவார். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்.

தாள் கொடுக்க வைப்பதற்கே ஒரு காலத்தில் சண்டை போட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1970ல் கருத்தடை மாத்திரை பற்றி செனட்டில் விசாரணை நடந்தபோது, பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து, மாத்திரையை விழுங்குகிற எங்களை ஏன் யாரும் கேட்கவில்லை என்று குரல் எழுப்பினார்கள். அந்த ஆண்டே மாத்திரையோடு பெண்களுக்கு ஒரு தாள் கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விதி போட்டது. ஐரோப்பாவில் 1992ல் ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் நோயாளிக்கான தாள் கட்டாயமானது. அமெரிக்காவில் 1996ல் வந்த சட்டம், 2006க்குள் புது மருந்து வாங்குபவர்களில் 95 சதவீதம் பேருக்குப் பயனுள்ள தகவல் எழுத்தில் போய்ச்சேர வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2008ல் எண்ணிப் பார்த்தால் 94 சதவீதம் பேர் கைக்குத் தாள் போயிருந்தது. ஆனால் பயனுள்ளதாக இருக்க வேண்டிய அம்சங்களில் சராசரியாக முக்கால்வாசிதான் அந்தத் தாள்களில் இருந்தன. அச்சடிக்கும் யந்திரம் இருந்தால் கொடுத்துவிடலாம், எழுதுவதில்தான் கஷ்டம்.

ஒரு மருந்துக்கு ஒரு தாள், முடிந்தால் ஒரே பக்கம். மேலே மருந்தின் பெயர் பெரிதாக. கம்பெனி வைத்த பெயரை விட உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்தான் முக்கியம், ஏனென்றால் அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வேறு நிறத்தில் வரும், இது புது மருந்து போலிருக்கிறது என்று பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்து, எதற்காக இந்த மருந்து என்று ஒரு வரி. அதன்பின் எப்படிப் போடுவது, மறந்தால் என்ன செய்வது, எதோடு சேரக் கூடாது, உடம்பில் என்ன மாற்றம் தெரியும், எப்போது யாரைக் கூப்பிடுவது. தலைப்புகளைக் கேள்வியாகவே எழுதுங்கள். "தவறவிட்ட மருந்தளவு" என்று இருந்தால் அவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும், "போட மறந்துவிட்டால்?" என்று இருந்தால் நிற்கும்.

எப்படிப் போடுவது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். 2006ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், "இரண்டு மாத்திரை, தினம் இரண்டு முறை" என்று ஒட்டியிருந்த வாசகத்தை நோயாளிகளிடம் காட்டினார்கள். படிப்பறிவு குறைந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். சரி, ஒரு நாளைக்கான மாத்திரையை எண்ணிக் காட்டுங்கள் என்றபோது சுமார் 35 சதவீதம் பேர்தான் சரியாகக் காட்டினார்கள். அதாவது வாயால் சொன்னவர்களில் பாதிப் பேர் கையால் செய்ய முடியாமல் நின்றார்கள். ஆகவே நோயாளியைக் கணக்குப் போட வைக்காதீர்கள். "காலையில் 2 மாத்திரை, இரவில் 2 மாத்திரை" என்று எழுதினால் முடிந்தது. மருந்துச் சீட்டில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று போடுவது நமக்குப் பழகிப்போய்விட்டது, அதை நூற்று ஒன்று என்று படிக்கிறவர் சும்மா சிரிப்பதற்காகச் சொல்லும் ஆள் இல்லை, நிஜமாகவே இருக்கிறார்.

தமிழில் எழுதும்போது நமக்கென்று தனியாகச் சில குழிகள் உண்டு. மி.கி., மி.லி. இரண்டையும் சின்ன எழுத்தில் அடுத்தடுத்துப் போட்டால் கண்ணாடி போட்டவருக்கே வித்தியாசம் தெரியாது. குழந்தைக்கான சிரப்பில் இது மாறினால் அளவே மாறிப்போகும். மில்லிகிராம் என்று முழுதாக எழுதுங்கள், சிரப்புக்கு மில்லிலிட்டர் மட்டும் போதும், மில்லிகிராம் கணக்கு நோயாளிக்கு எதற்கு? ஸ்பூன் கணக்கும் வேண்டாம். மருந்தில் ஒரு ஸ்பூன் என்றால் 5 மில்லிலிட்டர், வீட்டு ஸ்பூன் எந்த அளவிலும் இருக்கும். அளவுக் குறி போட்ட மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ கொடுத்து, எந்தக் கோடு வரை என்று தாளில் வரைந்தே காட்டிவிடலாம்.

அப்புறம் "சாப்பிடு" என்ற சொல். நாம் சோற்றையும் சாப்பிடுகிறோம், மாத்திரையையும் சாப்பிடுகிறோம். "சாப்பிடாமல் சாப்பிடக் கூடாது" என்று ஒரு தாளில் நானே எழுதிவிட்டு, அச்சான பிறகு பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். உணவுக்குச் "சாப்பிடு", மாத்திரைக்கு "விழுங்கு" என்று பிரித்துவிடுங்கள். நாக்கின் அடியில் வைக்க வேண்டியது, நீரில் கரைக்க வேண்டியது, மூச்சில் உறிஞ்ச வேண்டியது எல்லாவற்றுக்கும் அந்தந்த வினைச்சொல்லே இருக்கட்டும். "உட்கொள்ளவும்" என்று பொதுவாகப் போட்டால் ஆபத்து. உறிஞ்சும் கருவிக்குள் போட வேண்டிய ஆஸ்துமா, நுரையீரல் மருந்துக் குளிகைகளை மக்கள் வாயில் போட்டு விழுங்கிவிடுகிறார்கள் என்று 2008ல் எஃப்.டி.ஏ. தனியாக அறிவிப்பே விட வேண்டியிருந்தது.

"வெறும் வயிற்றில்" என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம் இருக்கிறது. தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் என்றால் "காலை எழுந்ததும் தண்ணீரோடு விழுங்குங்கள், அரை மணி நேரமாவது வேறு எதுவும் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள், கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் கழித்து" என்று கடிகாரத்தோடு எழுத வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் என்றால் இன்னும் ஒரு படி மேலே: ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீர், அதன்பின் 30 நிமிடம் படுக்கக் கூடாது. ஏன் என்றும் அரை வரி சேருங்கள் (தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும்). காரணம் தெரிந்தால் ஆள் படுக்கமாட்டார், காரணம் தெரியாத கட்டளையை இரண்டாம் வாரத்திலேயே மறந்துவிடுவார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்பதற்குப் பதில் தேதிகளையே எழுதுங்கள். அரை மாத்திரைக்கு ½ என்று போட்டால் 1, 2 என்று படிப்பவர் உண்டு, "அரை" என்று எழுத்தில் போடுங்கள். 0.5 என்பதில் முன்னால் சைபர் கட்டாயம், 5.0 என்பதில் பின்னால் சைபர் கூடவே கூடாது, புள்ளி மங்கினால் ஐந்து ஐம்பதாகிவிடும்.

பக்க விளைவுகள்

பெட்டித் தாளில் இது இதயம், நரம்பு, தோல் என்று உறுப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நோயாளி உறுப்பு வாரியாக யோசிப்பதில்லை, "இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்" என்றுதான் யோசிக்கிறார். அதனால் செய்ய வேண்டிய காரியத்தை வைத்து மூன்றாகப் பிரியுங்கள். முதலில், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை: முகம், நாக்கு வீங்குவது, மூச்சுத் திணறல், கறுப்பாக மலம் போவது போன்றவை. இரண்டாவது, ஓரிரு நாளில் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. மூன்றாவது, வந்தாலும் பயப்பட வேண்டாதவை. இந்த மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் மருந்தைப் பாதியில் நிறுத்த வைப்பது இதுதான். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சு நிறமாகலாம், காண்டாக்ட் லென்ஸில் கறை பிடிக்கும்; முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து காசநோய் மருந்தையே நிறுத்திவிடுவார். இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கறுக்கும். மேலே சொன்ன ஓட வேண்டிய பட்டியலிலும் கறுப்பு மலம் இருக்கிறது, கவனித்தீர்களா? அதனால்தான் எல்லா மருந்துக்கும் ஒரே பட்டியலை வெட்டி ஒட்டக் கூடாது.

"பொதுவாக வரும்", "அரிதாக வரும்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஐரோப்பிய விதிப்படி பொதுவாக என்றால் 100 பேரில் 1 முதல் 10 பேர் வரை, அரிதாக என்றால் 10,000 பேரில் 1 முதல் 10 பேர் வரை. அந்தச் சொற்களை மட்டும் படிக்கிறவர்கள் மனதில் வரும் எண் இதைவிடப் பல மடங்கு பெரிது. "100 பேரில் 5 பேருக்கு வயிற்றுப்போக்கு வரலாம், 95 பேருக்கு வராது" என்று இரண்டு பக்கமும் சொல்லுங்கள், ஒரே தாளுக்குள் 100, 1,000 என்று மாற்றி மாற்றித் தாவாதீர்கள்.

பக்க விளைவை எழுதினாலே வந்துவிடும், எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. 2020ல் வந்த ஒரு ஆய்வில், கொழுப்புக்கான ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று எது எது என்று சொல்லாமல் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள் (எதுவுமே இல்லாத மாதம் மட்டும் அவர்களுக்கே தெரியும், வேறு வழி இல்லை). ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. இதற்காக மறைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மறைத்தால் அவர் போனில் தேடி இதைவிட மோசமானதைப் படிப்பார். பயன் என்ன என்பதையும் அதே அளவு தெளிவாக எழுதுங்கள், பெரும்பாலான தாள்களில் அது ஒரு வரிகூட இருப்பதில்லை.

சொற்களையும் பார்க்க வேண்டும். "மயக்கம் வரலாம்" என்று எழுதினால் தலை சுற்றுவதா, கண் சொருகித் தூக்கம் வருவதா, நினைவு தப்பி விழுவதா? மூன்றையும் தமிழில் மயக்கம் என்றுதான் சொல்கிறோம், செய்ய வேண்டியதோ மூன்றுக்கும் வேறு வேறு. எது என்று உடைத்து எழுதுங்கள். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஒவ்வாமை என்று எழுதுவதில் தமிழ்ப்பற்று திருப்தியாகும், ஆனால் வீட்டில் பிரஷர், சர்க்கரை, அலர்ஜி என்று சொல்கிறவர் அவற்றைத் தேடும்போது கண்ணில் பட வேண்டுமே. அவர் சொல்லும் சொல்தான் தாளில் இருக்க வேண்டும்.

ஒரு மாதிரி

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் போட்டு இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அதற்கு நான் எழுதினால் தாளின் மேல்பாதி இப்படி இருக்கும். அளவும் கிழமையும் ஒவ்வொருவருக்கும் மாறும், இது மாதிரி மட்டும்தான்:

மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மில்லிகிராம் மாத்திரை

எதற்காக? மூட்டு வீங்கிச் சேதமாவதைத் தடுக்க. இது வலி மாத்திரை இல்லை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம்.

எப்படிப் போடுவது? வாரத்தில் ஒரே ஒரு நாள். உங்கள் நாள் வியாழக்கிழமை. அன்று 4 மாத்திரைகளை விழுங்குங்கள். மற்ற 6 நாளும் இந்த மாத்திரை கிடையாது.

போட மறந்துவிட்டால்? வெள்ளி அல்லது சனிக்கிழமை நினைவு வந்தால் அன்றே 4 மாத்திரை போடலாம். ஞாயிறு ஆகிவிட்டால் அந்த வாரம் விட்டுவிடுங்கள். அடுத்த வியாழன் வழக்கம்போல 4 மட்டும், சேர்த்து 8 போடக் கூடாது.

கூடுதலாகப் போட்டுவிட்டால்? உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், இந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.

எப்போது உடனே கூப்பிட வேண்டும்? காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், காரணமில்லாமல் ரத்தம் கட்டுவது, மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல், கண் மஞ்சளாவது. இவற்றில் எது வந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் அடுத்த முறை போடாதீர்கள்.

இவ்வளவுதான் மேல்பாதி. ரத்தப் பரிசோதனை எந்தத் தேதிகளில், கர்ப்பம், வேறு மருந்துகள் (முக்கியமாக டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக், வலி மாத்திரைகள்) எல்லாம் கீழே வரும். "வலி மாத்திரை இல்லை" என்பதை ஏன் அவ்வளவு மேலே வைத்தேன் என்றால், மூட்டு வலிக்கும் நாளில் கூட ஒன்று போட்டுக்கொள்வோம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. கூடவே ஃபோலிக் அமிலம் கொடுத்திருந்தால் அதற்குத் தனித்தாள், வேறு கிழமை. இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகளாக இருப்பது உண்டு.

தோற்றம்

ஐரோப்பிய வழிகாட்டல் பெட்டித் தாளுக்கு 9 பாயிண்ட் அளவு எழுத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. அது ஆங்கில எழுத்துக்கான கணக்கு. தமிழில் புள்ளியும் கொக்கியும் சுழியும் அந்த அளவில் கரைந்துவிடும், 13 அல்லது 14க்குக் கீழே போகாதீர்கள், வரிகளுக்கு நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம். முழு வாக்கியங்களைத் தடித்த எழுத்தில் போட்டுக் குவிக்க வேண்டாம். படங்கள் போட்டால் அவற்றையும் ஆட்களிடம் காட்டிச் சோதியுங்கள், நமக்குச் சூரியன் என்றால் காலை, இன்னொருவருக்கு வெயிலில் வைக்கச் சொல்வதாகத் தெரியலாம்.

வேறு மொழித் தாளிலிருந்து மொழிபெயர்த்திருந்தால் இன்னொருவரை விட்டுத் திருப்பி மூல மொழிக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் "ஒருமுறை" என்று பொருள் தரும் once என்ற சொல்லை அதே எழுத்துக்களில் ஸ்பானிய மொழியில் படித்தால் பதினொன்று! மருந்துச் சீட்டில் அப்படி ஒரு சொல் மொழிபெயர்க்காமல் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆட்களிடம் கொடுத்துப் பார்ப்பது

இதைத் தவிர்க்கவே கூடாது. ஐரோப்பாவில் 2004ல் திருத்திய சட்டப்படி மருந்துக் கம்பெனிகள் தங்கள் தாளை உண்மையான ஆட்களிடம் சோதித்த பிறகுதான் அனுமதி வாங்க முடியும். ஒரு சுற்றுக்குப் பத்துப் பேர், ஒவ்வொரு கேள்விக்கும் 90 சதவீதம் பேர் பதிலைத் தாளில் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அது புரிய வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, ஐந்து பேர் போதும், ஆனால் அந்த ஐந்து பேர் உங்களோடு வேலை செய்பவர்களாக இருக்கக் கூடாது. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், யாருமே இல்லை என்று சொல்லமாட்டார்கள். "வியாழன் மறந்துட்டீங்க, ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வருது, என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு, அவர் கண் தாளில் எங்கெங்கே அலைகிறது என்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் தவறு தாளில் இருக்கிறது. என் முதல் தாளில் மறந்தால் என்ன செய்வது என்பதைப் பின்பக்கத்தில் வைத்திருந்தேன், முதல் நாலு பேர் தாளைத் திருப்பவே இல்லை.

கையில் கொடுக்கும்போது

மருந்துப் பைக்குள் போட்டு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தால் அது அங்கேயே கிடக்கும். எடுத்து விரித்து, அவருடைய பெயரைப் பேனாவால் எழுதி, அவருக்கு முக்கியமான இரண்டு மூன்று இடங்களை மட்டும் வட்டமிட்டுக் காட்டுங்கள், பிறகு "நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், வீட்ல போய் எப்படிப் போடுவீங்கன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். ஒரு நிமிடம் ஆகும். படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் யார் படித்துக் காட்டுவார்கள் என்று கேட்டு அவருக்குப் புரியும்படி சொல்லி அனுப்புங்கள், கண் தெரியாதவர் என்றால் குரலில் பதிவு செய்து போனுக்கே அனுப்பிவிடலாம். முதல் முறை கொடுத்தாயிற்று என்று விட்டுவிடாமல் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் புதுத் தாள் கொடுங்கள், பழையதை அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு தாளும் ஒட்டியிருந்தால் அவர் எதைப் பார்ப்பார் என்று யாருக்குத் தெரியும்.

தாளின் அடியில் எழுதிய தேதி, கூப்பிட வேண்டிய எண், அந்த எண்ணை ராத்திரியில் யாரும் எடுக்கமாட்டார்கள் என்றால் எடுக்கும் இன்னொரு எண். அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டையும் ஒருமுறை நீங்களே அடித்துப் பாருங்கள்.